குழியை மறித்து உட்கார்ந்த வெஸ்னா டீச்சர்

போன செவ்வாய்க்கிழமை அலுவலகத் தபால் பையைப் பிரித்தபோது என் பெயருக்கே ஒரு கடிதம் இருந்தது. பெல்கிரேடு முத்திரை. வெஸ்னா டீச்சரின் மகள் யெலேனா ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். "அம்மா மார்ச் மாதம் இறந்துவிட்டார். நுரையீரலில் புற்றுநோய். அவருடைய நோட்டில் தோஹா முகவரி என்று இருந்தது உங்களுடையது மட்டும்தான்." அவ்வளவுதான் கடிதம். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை ஆட்களின் வருகைப் பதிவை எழுதினேன். எழுதியது எல்லாமே தப்பு.

பழைய முகாமில் என்னோடு வேலை பார்த்த நண்பர்களே, உங்களில் பலர் இப்போது ரியாத்திலும் பஹ்ரைனிலும் இருக்கிறீர்கள். நம் சங்க மலர் உங்கள் கைக்கு வரும் என்று நம்பி இதை எழுதுகிறேன். டீச்சரின் பெயரைச் சொன்னால் உங்களுக்கு ஒரே ஒரு மத்தியானம்தான் நினைவுக்கு வரும். அதிலும் பாதிதான் உங்களுக்குத் தெரியும்.

எண்ணெய் விலை ஏறி, நகரமெங்கும் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த நேரம் அது. நம் கம்பெனி யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தது. சர்வே வேலைக்கு வந்த ஒருவரின் மனைவி வெஸ்னா. முகாமில் இருந்த பதினொரு செர்பியப் பிள்ளைகளுக்கு ஒரு தகரக் கேபினில் பள்ளிக்கூடம் நடத்தினார். தபால் எடுத்து வருவது என் வேலைகளில் ஒன்று. மாதத்துக்கு ஒருமுறை பழுப்புக் காகிதம் சுற்றிய ஒரு கட்டு வரும். பிள்ளைகளுக்காகப் பெல்கிரேடில் அச்சாகும் அறிவியல் பத்திரிகை. வண்டிச் சத்தம் கேட்டதும் பதினொரு பேரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

ஒருமுறை கட்டு மூன்று வாரம் தாமதமானது. டீச்சர் தினமும் என் மேஜைக்கு வந்து நின்றார். "பாடப்புத்தகம் வராவிட்டால் நானே சமாளித்துக்கொள்வேன், மிஸ்டர் நடராஜன். இது வராவிட்டால் இவர்கள் என்னிடம் கேள்வி கேட்பதையே நிறுத்திவிடுவார்கள்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் திருச்சியில் வேதியியல் பட்டம் வாங்கியவன், முதல் வகுப்பு. அறிவியல் என்பது பரீட்சை எழுதவும், பிறகு வேலைக்கு மனு போடவும் என்றுதான் நினைத்திருந்தேன். அதை அவரிடமே சொன்னேன். "வேலை கிடைத்த பிறகு அதை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை.

அந்த வசந்தத்தில் ஒரு நாள் தபாலோடு போனபோது கேபினில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடிக் குவளையில் சோடா மாவைப் போட்டு வினிகரை ஊற்றினார்கள். நுரை அடங்கியதும் யெலேனா குவளையை வத்தியின் மேல் மெல்லச் சாய்த்தாள். ஒன்றும் கொட்டவில்லை, ஆனால் வத்தி அணைந்தது. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். திராட்சை ரசம் புளிக்கும் நிலவறைகளில் ஆட்கள் ஏன் சாகிறார்கள் என்று அந்த மாதப் பத்திரிகையில் வந்திருப்பதாக டீச்சர் சொன்னார். கனமான வாயு அடியில் தங்கிவிடும், முதலில் விழுந்தவனைத் தூக்கப் போகிறவனும் அங்கேயே விழுவான், கீழே காற்றை அடித்த பிறகுதான் இறங்க வேண்டும் என்று. நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதானே.

ஜூலையில் அது நடந்தது. செல்வராஜை உங்களுக்குத் தெரியும். என் மனைவி கமலாவின் தம்பி, இருபத்து நான்கு வயது. அவனுக்கு விசா வாங்கித் தந்து கூட்டி வந்தவன் நான். வேலை நின்று இரண்டு மாதம் மூடிக் கிடந்த சாக்கடைக் குழியை அன்று திறந்தார்கள். முதலில் ஒரு பட்டாணியர் இறங்கினார். கூப்பிட்டதற்குப் பதில் வரவில்லை. நான் வருகைத் தாளோடு பக்கத்தில் நின்றிருந்தேன்.

"அத்தான், பாய் மயங்கிட்டாரு. நான் போய்த் தூக்கிவிடறேன், கயித்தப் போடுங்க" என்று சொல்லிவிட்டுச் செல்வராஜ் இறங்கினான். பாதி ஏணியில் அவன் கை விட்டது. விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

சாப்பாட்டுக்குப் பள்ளி விட்டிருந்தது. யெலேனாதான் முதலில் கத்தினாள். அவள் தன் மொழியில் கத்தியது எங்களுக்குப் புரியவில்லை. டீச்சருக்குப் புரிந்தது. ஓடி வந்தவர் குழியின் இரும்பு விளிம்பில் குறுக்காக உட்கார்ந்துகொண்டார். "காற்று! முதலில் காற்று! கம்ப்ரசரைக் கொண்டு வாருங்கள்!"

"ஏய், எந்திரி! உள்ள எங்க ஆளு சாவுறான்!" என்று நம்மவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். அவர் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு அழுதார். எழுந்திருக்கவில்லை.

கம்ப்ரசர் முகாமின் அந்தக் கோடியில் இருந்தது. ஓட்டுநர் சாப்பிடப் போயிருந்தார். அது வந்து, குழாயை உள்ளே விட்டுக் காற்றடித்து, இடுப்பில் கயிறு கட்டிய ஒருவர் இறங்கி இருவரையும் மேலே கொண்டுவர அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. பட்டாணியர் இறந்திருந்தார். செல்வராஜுக்கு மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்கு வண்டி போவதற்குள் அதுவும் நின்றது. "நீங்களும் இறங்கியிருந்தால் எனக்கு மூன்று இறப்புச் சான்றிதழ் எழுதும் வேலை" என்றார் டாக்டர்.

அந்த வெள்ளிக்கிழமை நஜ்மா டீக்கடையில் நீங்கள் பேசியது எனக்கு மறக்கவில்லை. "அந்தப் பொம்பள மட்டும் குறுக்க உக்காராம இருந்தா நம்ம பய பொழச்சிருப்பான். மூச்சு இருந்துச்சுல்ல?" நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். இல்லை என்று சொல்லவில்லை.

வீட்டில் கமலா என்னோடு பேசவில்லை. ஒரே ஒரு முறை, "தம்பிய உள்ள விட்டுட்டு நீங்க மட்டும் எப்படி வந்தீங்க?" என்று கேட்டாள். அதற்கு மறுநாள் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தனியாக வந்தார். கமலாவுக்கு ஆங்கிலம் வராது. டீச்சர் சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீலம் பாரித்த கையைக் காட்டினார்.

"உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். இது நீங்கள் செய்தது. நீங்கள் என்னை அடித்துத் தள்ளிவிட்டு இறங்கப் பார்த்தீர்கள். நான் விடவில்லை. குற்றம் என்னுடையது."

அதை நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். கமலா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "அவள வெளிய போகச் சொல்லுங்க" என்றாள். அன்று ராத்திரி எனக்குச் சோறு போட்டாள்.

சில வாரம் கழித்து யெலேனா அந்தப் பத்திரிகையோடு என் மேஜைக்கு வந்தாள். பதினொரு வயது. திராட்சை ரச நிலவறைப் பக்கத்தை விரித்து, ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னாள். முடித்துவிட்டு, "இதை நான் ஏப்ரலில் படித்தேன். அந்தக் குழியைத் தினமும் தாண்டித்தான் பள்ளிக்குப் போனேன். இரண்டையும் நான் சேர்த்து யோசிக்கவில்லை" என்று தேம்பினாள். அவளைக் கூட்டிப்போக வந்த டீச்சர் அவளை அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இவள் சேர்த்து யோசித்தாள். இரண்டு நிமிடம் தாமதமாக. நாம் யாரும் யோசிக்கவே இல்லை."

அந்த வாயுக்களின் எடையை நான் பரீட்சைத் தாளில் எழுதியிருக்கிறேன். முழு மதிப்பெண். குழியின் விளிம்பில் நின்றபோது அதில் ஓர் எழுத்துகூட என் நினைவுக்கு வரவில்லை. படம் போட்ட ஒரு குழந்தைப் பத்திரிகையைப் படித்தவளுக்கு வந்தது.

அந்தப் பக்கத்தை டீச்சர் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதினேன். வேறொருவர் இந்தியில் எழுதினார். ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் ஒட்டினோம். ஆட்கள் பயந்து வேலைக்கு இறங்க மாட்டார்கள் என்று இரண்டே நாளில் கம்பெனியில் அதைக் கிழித்தெறியச் சொன்னார்கள். டீச்சர் மேலிடத்துக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். ஒன்றுக்கும் பதில் இல்லை. அடுத்த கோடையில் அவர் கணவரின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. இன்றைக்கும் இந்த நகரத்தில் குழிகளைத் திறந்த கையோடு ஆட்களை இறக்குகிறார்கள். நான் பார்க்கிறேன். சொல்லியும் பார்க்கிறேன். யாரும் கேட்பதில்லை.

அவர்கள் கிளம்பிய அன்று முகாம் வாசலில், வண்டி வருவதற்குள், அவரிடம் சொல்லிவிட்டேன். "டீச்சர், அன்று நான் உங்களை அடிக்கவில்லை. தள்ளவுமில்லை."

"தெரியும். இந்தக் கை இரும்பு விளிம்பில் நசுங்கியது" என்றார். "நீங்கள் என் தோளில் கை வைத்திருந்தீர்கள். அதில் பலமே இல்லை."

அதுதான் உங்களுக்குத் தெரியாத மீதி, நண்பர்களே. அவர் எடை ஐம்பது கிலோ இருக்காது. நான் நினைத்திருந்தால் தூக்கி ஓரமாக வைத்திருக்கலாம். அவர் வந்து உட்கார்ந்ததும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. இனி நான் இறங்க வேண்டாம் என்ற நிம்மதி. வாயுவைப் பற்றிய அறிவு அல்ல அது, வெறும் பயம்.

"பிறகு ஏன் என் வீட்டில் வந்து அப்படிச் சொன்னீர்கள்?" என்று கேட்டேன்.

"உங்கள் மனைவிக்கு வெறுக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் ஊருக்குப் போய்விடுவேன். நீங்கள் அதே வீட்டில் இருக்க வேண்டும்."

வண்டி வந்துவிட்டது. நான் நன்றி என்றுகூடச் சொல்லவில்லை.

அவர் சொன்ன அந்தப் பொய்தான் அவரிடமிருந்து என்னிடம் இருப்பது. இத்தனை காலம் அதன் தயவில்தான் என் வீட்டில் சாப்பிட்டேன், தூங்கினேன். இனி அவரை யாரும் திட்டக் கூடாது. திட்ட வேண்டுமென்றால் என் முகவரி உங்களிடம் இருக்கிறது. மலர் அச்சாகி வந்ததும் முதல் பிரதியைக் கமலாவின் கையில் கொடுப்பேன்.