பெரிய வியாழனில் கழுவிய கால்

முந்தாநாள் பங்குக் கோயிலிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "டீச்சர், பெரிய வியாழனுக்குப் பாதம் கழுவுற பன்னிரண்டு பேர்ல இந்த வருஷம் நீங்களும் ஒருத்தர்" என்றாள். ஆண்டவர் சீடர்களுக்குக் கழுவியதுபோல் சாமியார் கழுவுவார்; திருச்சியில் இப்போது பெண்களுக்கும் கழுவுகிறார்கள். போனை வைத்த கையோடு நான் செய்த முதல் காரியம், குளியலறைக்குப் போய்ச் சொரசொரப்புக் கல்லை எடுத்துக் குதிகாலைத் தேய்த்ததுதான். சிரிக்காதீர்கள். எல்லோரும் வீட்டிலேயே நன்றாகக் கழுவிக்கொண்டுதான் போகிறோம். அழுக்குக் காலை அப்படியே நீட்டும் தைரியம் நம்மில் யாருக்கு இருக்கிறது?

கல் உரசிய அந்தச் சத்தத்தில்தான் மரியாயி நினைவுக்கு வந்தாள். ஒரு மத்தியானம் முழுக்கத் தன் புருஷன் சின்னப்பனின் கால்களை ஓட்டாஞ்சில்லால் தேய்த்தவள் அவள். திட்டிக்கொண்டே, அழுதுகொண்டே, ரத்தம் கசிகிற வரை தேய்த்தாள்.

ஐம்பதுகளின் கடைசி அது. ஆலங்குடிப் பக்கம் முந்திரிக்காட்டுக்கு நடுவே ஒரு வேதக்கார ஊர், எல்லோரும் கிறிஸ்தவர்கள். பேர் வேண்டாம், பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். கோயில் பள்ளிக்கூடத்தில் எனக்குப் புதிதாக வேலை கிடைத்திருந்தது. கோயிலுக்குள் வடபக்கம் இடுப்பளவு மரக் கிராதி ஒன்று இருந்தது. சேரித் தெரு சனங்கள் அதற்கு அங்கிட்டுதான் முழந்தாளிட வேண்டும். முதல் ஞாயிற்றுக்கிழமை, இது எதற்கு என்று, மணியடித்துக் கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளையிடம் கேட்டேன். "ஆடு மாடு வந்துரும்ல, அதுக்குத்தான்" என்றார். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை மனுஷன்.

சின்னப்பன் அந்தக் கிராதிக்கு அங்கிட்டு இருந்தவர். ஊரில் யார் செத்தாலும் குழி தோண்டுவது அவர்தான். கல்லறைத் தோட்டத்திலும் குறுக்கே ஒரு சுவர் உண்டு. ஆனால் சுவருக்கு இரண்டு பக்கமும் குழிக்குள் இறங்கிப் பெட்டியை வாங்கி வைக்கிற கை அவருடையது.

பங்குச் சாமியார் இளவயசு. நல்லவர், கோபக்காரர். இரண்டும் ஓர் ஆளிடம் சேர்ந்திருந்தால் என்ன ஆகும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஆண்டவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலைக் கழுவினாரே, அதைப் பற்றி மணிக்கணக்கில் பிரசங்கம் வைப்பார். "பீடத்துல நிக்கிறவன் எசமான் இல்ல, வேலைக்காரன்" என்பார். மறுநாள் கேட்டிசம் என்கிற வேதபாடத்தைத் தப்பாகச் சொன்ன பிள்ளையைப் பிரம்பால் விளாசுவார். இரண்டையும் முழுமனதோடு செய்வார்.

அந்த வருஷம், பெரிய வியாழனுக்கு முந்தின குருத்து ஞாயிறன்று, பாதம் கழுவப் பன்னிரண்டு பேரை அறிவித்தார். பதினொரு பேர் கிராதிக்கு இங்கிட்டு உட்காருகிற கோயில் தெரு. பன்னிரண்டாவது ஆள் சின்னப்பன்.

ஊர் கொதித்தது காலுக்காக மட்டும் அல்ல, தண்ணீருக்காக. பாதம் கழுவிய தண்ணீரைக் கோயில் தெருக்காரர்கள் செம்பில் பிடித்துக்கொண்டு போவார்கள். வயலில் தெளிப்பார்கள், மாட்டுக்குக் காட்டுவார்கள், பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒரு வாய் கொடுப்பார்கள். பன்னிரண்டு பேர் காலும் ஒரே தாம்பாளத்தில். அதில் சின்னப்பன் காலும் விழுந்தால் அந்தத் தண்ணீரை எப்படி வாயில் வைப்பது? ஊர்ப் பெரியதனம் பார்த்த அம்பலக்காரர் சூசை சமாதானத்துக்கு வந்தார். "இருந்துட்டுப் போகட்டும் சாமி. கடைசியாளா உக்கார வச்சு, வேற தாம்பாளத்துல கழுவிவிட்ருங்க" என்றார். சாமி அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். செவ்வாய்க்கிழமை சேரியில் இரண்டு வைக்கோல் போர் எரிந்தது.

சின்னப்பனின் மகள் என் வகுப்பு. பிள்ளை பள்ளிக்கு வரவில்லையே என்று வியாழன் மத்தியானம் போனபோதுதான் மரியாயி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"போக வேணாம்னு நீங்களாச்சும் சொல்லுங்க டீச்சரம்மா" என்றாள்.

"சாமி கூப்புட்டுட்டாரு. வரமாட்டேன்னு சொல்ல நான் யாரு?" என்றார் சின்னப்பன்.

"கூப்புட்ட சாமி நாளைக்கு வேற ஊருக்கு மாத்திப் போயிருவாரு. நம்ம எங்கிட்டுப் போறது?"

அவர் மறுகாலையும் நீட்டிக்கொடுத்தார். அவருக்கு ஆசை இருந்தது. பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கிராதியைத் தாண்டி ஒரே ஒரு தடவை நடக்க வேண்டும் என்கிற ஆசை. அவர் முகத்தைப் பார்த்த பிறகு, போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாயங்காலப் பூசையில் சின்னப்பன் கிராதிக் கதவைத் திறந்துகொண்டு வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். பக்கத்து ஆள் நகர்ந்தார். அதற்கடுத்த ஆளும் நகர்ந்தார். அப்படியே நகர்ந்து நகர்ந்து மறுகோடியில் இருந்தவர் தொப்பென்று கீழே விழுந்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்த ஊரில் நான் சிரித்த கடைசிச் சிரிப்பு அது.

சாமி துண்டைக் கட்டிக்கொண்டு நேராகச் சின்னப்பன் முன்னால் மண்டியிட்டார். தண்ணீர் ஊற்றினார், துடைத்தார், முத்தம் கொடுத்தார். அதே தாம்பாளத்தோடு அடுத்த ஆளிடம் நகர்ந்தார். அடுத்தவர் சூசையின் தம்பி. காலைத் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். அவருக்கு அடுத்தவரும் தூக்கினார். வெள்ளம் புகுந்த வீட்டில் கட்டில் மேல் ஏறிக் குந்தியிருப்பார்களே, அப்படிப் பதினொரு பேரும் காலைத் தூக்கிக்கொண்டு குந்தியிருந்தார்கள்.

சாமி தாம்பாளத்தைக் கீழே வைத்தார். காது சிவந்தது. பிறகு சூசையின் தம்பியுடைய கணுக்காலைப் பிடித்து, வெடுக்கென்று இழுத்தார். அந்த ஆள் மல்லாக்க விழுந்தார். பின்மண்டை பெஞ்சு விளிம்பில் மோதி ரத்தம் பீய்ச்சியது.

எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. சீடர்களில் மூத்த இராயப்பரும்தான் தன் காலைக் கழுவக் கூடாது என்று மறுத்தார். ஆண்டவர் அவரிடம் பேசினார். எங்கள் சாமி இழுத்தார். அவர் இழுத்ததற்கு அடி வாங்கியது வேறொருவர்.

கோயில் தெருக்காரர்கள் அதுவரை எந்தக் கிராதியைக் காப்பாற்ற நின்றார்களோ அதையே பிடுங்கிக் கம்பாக்கிக்கொண்டார்கள். வடபக்கம் இருந்த பெண்கள், பிள்ளைகள் என்று பாராமல் அடி விழுந்தது. ஒரு கிழவரின் பல் என் காலடியில் வந்து விழுந்தது. வெளியிலிருந்து யாரையாவது கூப்பிட வேண்டும் என்று மணிக்கயிற்றைப் பிடித்த கோயில்பிள்ளை, பெரிய வியாழன் பூசையில் 'உன்னதங்களிலே' பாட்டுக்குப் பிறகு உயிர்ப்புவரை மணி அடிக்கக் கூடாதே என்று விட்டுவிட்டு, முறைப்படி மரக்கட்டையை எடுத்துக் கடகடவென்று ஆட்டினார். ஊரெல்லாம் பூசை ஒழுங்காக நடக்கிறது என்று நினைத்துக்கொண்டது.

சூசை இரும்பு மெழுகுதிரித் தண்டைத் தூக்கினார். சின்னப்பனை நாலு பேர் அமுக்கிப் பிடித்திருந்தார்கள். "இந்தக் காலுக்குத்தானடா முத்தம்?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். மேலே விழுந்து மறித்த சாமியின் முழங்கையும் உடைந்தது. எலும்பு முறிகிற சத்தம் விறகு ஒடிகிற சத்தம்தான், பெரிய வித்தியாசம் கிடையாது.

அந்த அமளிக்கு நடுவே சூசையின் மனைவி அருளாயி செம்போடு வந்தாள். அவள் மகளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து இறந்திருந்தன. மூன்றாவதுக்கு நிறைமாசம். தாம்பாளத்தில் மிச்சமிருந்த தண்ணீரைக் குனிந்து செம்பில் மொண்டாள். சூசை பார்த்துவிட்டார்.

"அடியே, கீழ ஊத்துடி அதை!"

"ரெண்டு பச்சப்புள்ளையையும் கையில வாங்கிக் குழிக்குள்ள வச்சவரு அவரு. அப்ப கை படலாம், இப்ப கால் படக் கூடாதா?"

வாயில் ஓங்கி அறைந்தார். உதடு கிழிந்தது. அவள் செம்பை விடவில்லை. உதட்டு ரத்தம் செம்புக்குள் சொட்ட, அப்படியே நடந்து போனாள். பிள்ளை பிழைத்தது. தண்ணீரால்தான் பிழைத்தது என்று நான் சாதிக்க வரவில்லை.

சின்னப்பனை வண்டி கட்டிப் புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஆண்டவர் உயிர்த்த பாஸ்கா ஞாயிறன்று கோயில் பூட்டிக் கிடந்தது. அன்றைக்குத்தான் சின்னப்பனுக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு காலை எடுத்தார்கள். பார்க்கப் போனேன். "சாமி வந்து தேம்பித் தேம்பி அழுதாரு டீச்சரம்மா. நான்தான் தண்ணி குடுத்துத் தேத்தி அனுப்புனேன்" என்றார். அந்த நிலைமையிலும் ஊழியம் செய்தது அவர்தான்.

எடுத்த காலை என்ன செய்வது? குழிக்காரர் கால், குப்பையில் போட விடுவாரா? கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். மரியாயி அதை வாழையிலையில் சுற்றிச் சாக்கில் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பக்கத்தில் நான். "என்னம்மா லக்கேஜு?" என்று கண்டக்டர் கேட்டார். "எங்க வீட்டுக்காரரு காலு" என்றாள். அதற்குப் பிறகு அவர் டிக்கெட்டும் கேட்கவில்லை.

குழி தோண்ட ஆள் இல்லை. சேரி ஆண்கள், அடிதடி வழக்கில் தங்களையே பிடிக்க வந்த போலீசுக்குப் பயந்து முந்திரிக்காட்டுக்குள் கிடந்தார்கள். மாற்றல் உத்தரவு வந்து மூட்டை கட்டியிருந்த சாமி, கட்டுப் போட்ட கையோடு வந்து மண்வெட்டியை எடுத்தார். மண்வெட்டி பிடித்துப் பழகாதவர். ஒற்றைக் கையால் கொத்தினார், வழுக்கியது. மறுபடி கொத்தினார். உள்ளங்கை தோல் உரிந்தது.

மரியாயி எட்டிப் பார்த்தாள். "ஆழம் பத்தாது சாமி. நரி தோண்டிரும்."

இன்னும் தோண்டினார்.

"பத்தாது."

இன்னும் தோண்டினார். பிரசங்கம் இல்லை, கோபம் இல்லை. அவள் போதும் என்கிற வரை தோண்டினார். காலை உள்ளே வைத்த பிறகு, "என்னை மன்னிச்சுரும்மா" என்றார். அவள் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தாள். மன்னித்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள்.

அந்த ஊரிலிருந்து நானும் அடுத்த வருஷமே மாற்றல் வாங்கிக்கொண்டேன். இப்போது அங்கே கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்டி, தரைக்குப் பளிங்கு போட்டிருக்கிறார்களாம். கிராதியும் இல்லை, அந்தப் பெஞ்சும் இல்லை. சின்னப்பன், மரியாயி, சூசை, சாமி, ஒருவரும் இல்லை. கல்லறைத் தோட்டத்துச் சுவரையும் எடுத்துவிட்டார்களாம். நல்லதுதான். ஆனால் அந்தச் சின்னக் குழி சுவருக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டால், சொல்வதற்கு அந்த ஊரில் ஓர் ஆள் இல்லை.