கரகரத்தால் நம்பலாம்

சதாசிவன் வயர்லெஸ் செட்டைக் காதில் வைப்பதில்லை. பொத்தானை அமுக்கி, கையை நீட்டி, அதன் முகத்தைப் பார்த்தே பேசுவார். "எலே, கேக்குதா? சதாசிவனாக்கும் பேசுதேன்." பதில் கரகரத்து வந்தால் நம்புவார்; தெளிவாக வந்தால் சந்தேகப்படுவார். காரணம் உண்டு. பக்கத்துச் சபையின் கன்வென்ஷன் பந்தலிலும் இதே மாதிரி செட்டுதான். அவர்கள் குரல் மட்டும் கணீரென்று விழும்.

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகும் கால்வாய்க்கரை ரோட்டில் ஒரு பாதி இடிந்து கிடக்கிறது. மறு பாதியில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகள்தான் போகலாம். வண்டிகளை நிறுத்தி விடுவதற்குத் தெற்கு முனையில் சதாசிவன், வளைவுக்கு அப்பால் வடக்கு முனையில் மோகனன். காண்ட்ராக்டர் வாங்கித் தந்த இரண்டு செட்டுகளில் ஒன்று சதாசிவன் கையில். இன்னொன்றை வரிசையின் கடைசி வண்டியில் கொடுத்தனுப்புவார்கள். அது வந்து சேர்ந்தால் பாதை காலி.

அன்று வடக்கிலிருந்து கடைசி வண்டி தவிர எல்லாம் வந்தன, செட்டு வரவில்லை. அதைச் சத்தியராஜின் ஜீப்பில் கொடுப்பதாக மோகனன் முன்பே செட்டில் சொல்லியிருந்தான். சத்தியராஜின் வீடோ பாதி வழியில் பிரியும் ரப்பர் தோட்டத்துப் பாதையில்.

"சத்தியராஜா, வீட்டுக்குப் போனியா, இல்ல வாறியா? ஏதாவது ஒண்ணு சொல்லு மக்கா."

"பந்தல்ல சாம்பார் தீந்தாச்சு," என்றது செட்டு, தெளிவாக.

"அது இஞ்ச இல்ல," என்றார் சதாசிவன், பொறுப்பாக.

"பின்னே எங்க உண்டு?"

முன்னால் நின்ற ஆட்டோவிலிருந்து பிரசீதா தலையை நீட்டினாள். நெய்யாற்றின்கரையில் அவளுக்கு அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை. "அண்ணா, கேட் அடைச்சா பின்னே கேற்ற மாட்டாங்க. அடுத்த பரீட்சைக்கு எனக்கு வயசு கழிஞ்சிரும்."

"ஜீப் எதிர்ல வந்தா ரெண்டு வண்டியும் கால்வாயிலாக்கும்."

"வராட்டி?"

சதாசிவன் செட்டைக் குலுக்கினார். வளைவைப் பார்த்தார். மறுபடி செட்டைப் பார்த்தார். அது நல்ல கரகரப்போடு ஒன்றுமே சொல்லாமல் இருந்தது. நம்பத்தான் தோன்றியது, எதை நம்புவது என்றுதான் தெரியவில்லை.

செட்டைப் பிரசீதாவின் மடியில் போட்டார். "இது பேசினா நீ பதில் சொல்லு." ஆட்டோக்காரனிடம், "எனக்க பொறத்தாலேயே வா, முந்தாத," என்றார். வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு கைகளையும் ரோட்டின் அகலத்துக்கு விரித்துக்கொண்டு, வளைவை நோக்கி ஓடினார்.