மாமாவுக்காக ஒரு ஜெபம்

கிராணியம்மா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைகளுக்கு வேதபாடம். அலோர் காஜா பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி, காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகாதபடி சர்க்கார் முள்கம்பி போட்டிருந்த அவசரகால வருஷங்கள் அவை. கிராணியம்மா யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்; புருஷன் தோட்டத்து ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. அந்த வீட்டில் தும்மினால் வெள்ளைக்காரத் துரை பங்களாவில் கேட்கும் என்பது அப்பாவின் கட்சி. சோழியன் குடுமி சும்மா ஆடாது, பிஸ்கட்டும் சும்மா வராது என்பார். ஆனாலும் கிராணி வீட்டு அழைப்பைத் தட்ட முடியுமா? கையைக் கட்டிக்கொண்டு உட்கார், வாயைத் திறக்காதே என்று சொல்லித்தான் அனுப்பினார். எனக்கு ஒன்பது வயது. வாயைத் திறக்காமல் பிஸ்கட்டை எப்படித் தின்பது?

அப்பாவின் பயத்துக்குக் காரணம் என் மாமா, அம்மாவின் தம்பி. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பதாக ஊரிடம் சொல்லியிருந்தோம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்துவிட்டார் என்பது பெரியவர்களுக்கு மட்டும் தெரியும். அரிசியை அளந்து கொடுத்த காலம். அதிலும் அம்மா தினம் ஒரு பிடி எடுத்து ஒரு டின்னில் சேர்த்தாள். காட்டுக்கு அரிசி போனால் ஜெயில்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த டின்னும், தம்பி எங்கே பசியோடு கிடக்கிறானோ என்று அம்மா அழுததும்தான்.

அன்றைக்குப் பாடம், பாக்கியவான்கள் யார் என்பது. கடவுளுடைய ராஜ்யம் ஏழைகளுக்குத்தான், பசித்தவர்கள் அங்கே திருப்தியடைவார்கள் என்றார் கிராணியம்மா. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் ஏழை, எல்லோருக்கும் பசி; இத்தனை பேருக்கும் அங்கே இடம் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். பாடம் முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து வீட்டில் என்ன குறை என்று சொல்ல வேண்டும். அவர் தலையில் கைவைத்து ஜெபிப்பார். ஒருத்திக்குத் தம்பியின் இருமல், இன்னொருத்திக்குக் கணக்குப் பரீட்சை. என் முறை வந்தது. மாமா பசியாக இருக்கிறார், அம்மா டின்னில் அரிசி சேர்த்திருக்கிறாள், அது அவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

என் தலைமேல் இருந்த கை அப்படியே நின்றது. பிறகு அவர் அந்த இருமலுக்கே இன்னொரு முறை ஜெபித்தார்.

லயத்துப் பக்கமே வராத கிராணியம்மா அன்று சாயங்காலம் எங்கள் வாசலில் நின்றார். அம்மாவிடம் தணிந்த குரலில், "பிள்ளை சொன்னதை நான் மட்டும் கேக்கேல்லை. மற்றப் பிள்ளையளும் இருந்தவை. இண்டைக்கே அதைச் சமைச்சுச் சாப்பிட்டிடுங்கோ" என்றார்.

அவர் போனதும் அப்பா என்னை அடிக்கக்கூட மறந்துவிட்டார். அரிசி இருக்கிறதா என்று நோட்டம் பார்க்கத்தான் வந்தாள், சமைத்தால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று புலம்பினார். அம்மா டின்னை உலையில் கவிழ்த்தாள். அடேயப்பா, அன்றைக்குச் சாப்பிட்ட சாப்பாடு! நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். அம்மா சாப்பிடவில்லை.

மறுநாள் காலை போலீஸ் வந்து அடுப்புச் சாம்பலைக்கூடக் கிளறியது. ஒன்றும் கிடைக்கவில்லை.

"காட்டிக் குடுத்ததும் அவதான், காப்பாத்துனதும் அவதான். நம்மள வளைச்சுப் போடப் பாக்குறா" என்றார் அப்பா. சாகும்வரை அதையேதான் சொன்னார். மாமாவைப் பற்றி அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. போலீஸுக்குச் சொன்னது யார் என்று எனக்கும் இன்றுவரை தெரியாது.

ஆனால் வயிறு நிறைந்த அந்த ராத்திரி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஜெபித்தால் சோறு வருகிறது, கண்ணால் பார்த்தாயிற்று. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், "அடுத்த வாரமும் மாமாவுக்குப் பசிக்குதுன்னு சொல்லட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா ஈரக்கையால் என் வாயைப் பொத்தினாள். என்மேல் கோபம் என்றுதான் நினைத்தேன். யாருடைய சோற்றைத் தின்றுவிட்டு அப்படிக் கேட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.