கழற்றி மாட்டும் செட்டை

என் அறையில் இருக்கும் அலைச்சறுக்குப் பலகையைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்து வைக்க முடியாது. அதன் அடியில், வால் பக்கமாக, ஒரு மீன் செட்டையைப் போல வேங்கைக் கட்டை ஒன்று துருத்திக்கொண்டு நிற்கிறது. அதனால் பலகை எப்போதும் சுவரிலிருந்து ஒரு சாண் விலகி, யாரோ முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருப்பதைப் போல நிற்கும். வாடகைக்கு அறை கொடுத்த அம்மாள் பெருக்க வரும்போதெல்லாம், "அந்தத் துண்டு கழல்ற மாதிரிதானம்மா கீது, கழட்டி வச்சா எடம் அடைக்காதில்ல?" என்பார். அவர் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. கழற்றி மாட்டுவதற்காகவே செய்த செட்டைதான் அது. அதை அப்படிச் செய்ய வேண்டும் என்று முடிவெடுக்க என் அண்ணனுக்கு ஒரு கோடைக்காலம் முழுவதும் ஆயிற்று.

எங்கள் ஊர் சித்தூர் மாவட்டத்தில், கங்காதர நெல்லூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே அலை என்றால் ஏரியில் காற்று அடிக்கும்போது கரையைத் தொடும் சலசலப்புதான். அண்ணன் தச்சு வேலைக்காரன். மகாபலிபுரம் பக்கம் கடலோரத்தில் ஒரு விடுதிக்குக் கதவும் கட்டிலும் செய்யப் போன கூட்டத்தோடு போய் ஒரு மழைக்காலம் முழுக்க அங்கே தங்கியிருந்தான். அங்கே ஒரு வெளிநாட்டுக்காரர் பலகையின் மேல் நின்றுகொண்டே அலையில் கரைக்கு வந்ததைப் பார்த்துவிட்டான். திரும்பி வந்த நாளிலிருந்து அவனுக்கு வேறு பேச்சே கிடையாது. "படகு இல்லமே, தோணி இல்ல, ஒரு பலகை. அதும் மேல மனுசன் நிக்கறான். தண்ணி அவனைத் தூக்கிக்கினு வருது" என்று சொல்லும்போது, உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு கைகளையும் விரித்துக்கொள்வான்.

அந்த வெளிநாட்டுக்காரர் ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் தாளைக் கிழித்துக் கொடுத்திருந்தார். பலகையின் அடியில் மாட்டும் செட்டையின் வகைகள் அதில் படமாக இருந்தன. அப்போது நான் திருப்பதியில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். விடுமுறைக்கு வந்த என் முன்னால் அண்ணன் அந்தத் தாளை விரித்து வைத்து, எங்கள் கிறிஸ்தவச் சபையில் போதகர் ஐயர் வேதம் வாசிக்கக் காத்திருப்பவனைப் போலக் கைகட்டி உட்கார்ந்தான். அன்று எனக்கு இருந்த பெருமையை இப்போதும் மறைக்க விரும்பவில்லை. செட்டை இல்லாவிட்டால் பலகை நேராக ஓடாது, பக்கவாட்டில் வழுக்கிச் சுழன்றுவிடும் என்று அந்தத் தாளைப் படித்துத்தான் சொன்னேன்.

மலையடிவாரத்தில் கிடைக்கும், பொம்மை செய்கிற இலேசான வெள்ளை மரத்தில் பலகையைச் செய்து முடித்தான். சபைக் கோவிலின் கதவு வேலையில் மிஞ்சிய வேங்கைத் துண்டில் செட்டையை இழைத்து, பசை போட்டு, ஆணியும் அடித்தான். சித்தூர் பஸ் நிலையத்தில் அதை ஏற்றும்போது கண்டக்டர் கீழே நின்று தெலுங்கும் தமிழுமாகச் சத்தம் போட்டார். "ஏமய்யா, இது எவரோட சவப்பெட்டி மூடி? பிணம் எக்கட, எங்க? என் பஸ்ல சாவுச் சாமான் ஏத்த மாட்டேன்!"

"இன்னும் சாவலண்ணா. நான்தான் எடுத்துக்கினு போறேன்" என்றான் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். கண்டக்டரும் சிரித்து வழிவிட்டார். ஆனால் பஸ் கூரையில் பலகையின் மேல் யாரோ வெல்ல மூட்டையைத் தூக்கிப் போட, செட்டை வேரோடு பெயர்ந்து, அடிப்பலகையையும் பிளந்துகொண்டு வந்துவிட்டது. கடலைப் பார்க்காமலே அவன் வீடு திரும்பினான்.

அதற்குள் அவனுக்கு வளைகுடாவில் வேலைக்கு விசா வந்துவிட்டது. போவதற்குள் ஒரே ஒருமுறை, ஒரே ஓர் அலையின் மேல் எழுந்து நின்றுவிட வேண்டும். அவனுடைய ஆசை அவ்வளவுதான். கடலுக்கும் எங்களுக்கும் நடுவே பஸ் கூரைதான் இருந்தது. அதனால் பயணத்தில் கழற்றி, கரையில் மாட்டுகிற செட்டைதான் வேண்டும் என்றாயிற்று. எப்படி மாட்டுவது என்பதுதான் கேள்வி. தாளில் இருந்தது திருகாணி முறை. நான் அதையே பிடித்துக்கொண்டேன். பித்தளை போல்ட் போடலாம், கையால் திருகும் நட்டு போதும் என்றேன். அண்ணனுக்கு மனம் ஒப்பவில்லை. அந்த விடுதிக் கதவுகளின் கீல்கள் ஒரே மழைக்காலத்தில் உப்புக்காற்றில் உதிர்ந்ததை அவன் பார்த்திருந்தான். பித்தளையானாலும் மெல்லிய மரத்தை அறுத்துவிடும் என்று பயந்தான். "மரத்துக்கு மரந்தான்மே. இரும்பு, பித்தளைய வச்சா ஒண்ண ஒண்ணு துன்னுடும்."

நைனா கூலிக்கு ஏர் ஓட்டுகிறவர். மகனின் பைத்தியத்தைப் பார்த்து, "கடல் எங்க கீது, நாம எங்க கீறோம்? இவன் கலப்பைய இட்டுக்கினு போய்க் கடல உழப் போறானாடி?" என்று அம்மாவிடம் கேட்பார். ஆனால் வழி சொன்னதும் அவர்தான். கலப்பையில் கொழு என்கிற இரும்பு முனை நிற்பது ஆப்பினால். உழவுக்கு முன்னால் கலப்பையை வாய்க்காலில் ஊறப்போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஊறிய மரம் உப்பி இறுகிக்கொள்ளும். அதே போலப் பலகையில் பிளந்த இடத்தைச் செதுக்கி எடுத்து, அங்கே நீளப் பள்ளமாக ஒரு காடி வெட்டி, செட்டையின் அடிக்கட்டையை அதில் இறக்கி, பின்னாலிருந்து ஓர் ஆப்பு அடித்தால் போதும் என்றார். கிணற்றுத் தொட்டியில் போட்டுப் பார்த்தோம். யானை இழுத்தாலும் வராது போல நின்றது. நைனா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, காட்டிக்கொள்ளாமல் சிரித்தார். நானும் என் போல்ட்டை மறந்துவிட்டேன்.

அண்ணன் திருப்பதிக்கு வந்து என்னையும் அழைத்துக்கொண்டான். வடமாலபேட்டை வழியாகச் சென்னைக்குப் போகிற பஸ்ஸின் கூரையில் பலகை தட்டையாகப் படுத்துக்கொண்டது. செட்டையும் ஆப்பும் என் மடியில் துணிப்பையில் இருந்தன. மீனவர் குப்பம் ஒன்றின் கரையில் அவன் ஆப்பை அடித்து முடிப்பதற்குள் கூட்டம் கூடிவிட்டது. "இன்னாப்பா, கட்டுமரத்துக்குக் காய்ச்சலா? இப்பிடி எளச்சிக் கீது" என்றார் ஒரு பெரியவர். அண்ணன் விழுந்தான். மறுபடி விழுந்தான். மூக்கில் தண்ணீர் ஏறி இருமிக்கொண்டே திரும்பத் திரும்ப உள்ளே போனான். கூட்டம் சலித்துக் கலைந்த பிறகுதான் அது நடந்தது. ஓர் அலை பலகையைப் பின்னாலிருந்து தூக்கியது. அவன் முழங்காலிட்டான். பிறகு எழுந்தான். வீட்டில் உட்கார்ந்து விரித்த அதே மாதிரி கைகளை விரித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, சத்தமே இல்லாமல் என்னை நோக்கி வந்தான். மணலில் பலகை தட்டியதும் முன்னால் விழுந்தான். எழுந்தபோது, "பாத்தியா?" என்றுதான் முதலில் கேட்டான். பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு செட்டை கழலவில்லை. ஆப்பு ஊறி, காடியைக் கவ்விக்கொண்டது. அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. இறுகுமா என்று மட்டும்தான் எங்கள் வீட்டில் பார்த்தோம். தளருமா என்று ஒருவரும் பார்க்கவில்லை. இறுக்கிய ஆப்பை அதே நாளில் எடுக்க வேண்டிய வேலை எங்கள் ஊரில் எந்தக் கலப்பைக்கும் வந்ததில்லை. செட்டையோடு பஸ்ஸில் ஏற்றினால் பழைய கதைதான். எனவே பலகையைக் குப்புறப் போட்டு, வெயிலில் காயவைத்து, பக்கத்தில் உட்கார்ந்தோம். அந்த மத்தியானத்தைத்தான் நான் அதிகமாக நினைத்துக்கொள்கிறேன். கருவாடு காயவைத்திருந்த பெண்கள் எங்கள் பலகையையும் ஒரு பெரிய மீனைப் போலப் பார்த்துவிட்டுப் போனார்கள். "படிப்ப வுட்டுடாதமே. நான் பணம் அனுப்பறேன்" என்றான் அண்ணன். "அங்கியும் கடல் கீதாம். அங்க ஒரு பலகை செஞ்சிக்கினா இதையே மாட்டிக்குவேன். லீவுக்கு வந்தா இங்க மாட்டிக்குவேன். ஒரு செட்டை, ரெண்டு பலகை." வெயில் சாயும் நேரத்தில் ஆப்பு தானாகவே சற்று அசைந்தது.

சொன்னபடியே போகும்போது செட்டையையும் ஆப்பையும் பெட்டியில் வைத்துக்கொண்டான். பலகை வெறும் காடியோடு எங்கள் வீட்டில் நின்றது.

நான் படித்து முடிப்பதற்கு முந்தைய வருடம் அவன் அங்கே கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனான். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். சபையார் வீட்டு ஜெபத்துக்கு வந்தபோது நடுவீட்டில் வைப்பதற்கு ஒன்றும் இல்லை. அம்மா யாரையும் கேட்காமல் அந்தப் பலகையை இழுத்து வந்து, பெஞ்சின் மேல் கிடத்தி, வெள்ளைத் துணி போர்த்தினாள். ஐயர் ஒரு கணம் தயங்கினார். பிறகு அதன் தலைமாட்டில் நின்று ஜெபித்தார். அந்தக் கண்டக்டர் சொன்னது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

வெகுநாள் கழித்து அவனோடு வேலை செய்த ஒருவர் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். பனியனில் சுற்றிய செட்டையும் ஆப்பும் அதில் இருந்தன. செட்டையின் அடிக்கட்டையில் எங்கள் காடியின் தடம் மட்டும்தான். வேறு எந்தப் பலகையிலும் அது ஏறவில்லை. நான் கேட்காமலே அவர் சொன்னார்: "கடல் அங்கிருந்தும் தூரந்தாம்மா. பஸ்ல போவணும். போலாம் போலாம்னு சொல்லிக்கினே இருந்தான்."

காடியில் வைத்துப் பார்த்தேன். வளைகுடா வறட்சியில் கட்டை சுருங்கிப் போயிருந்தது. கலகலவென்று ஆடி, கையோடு வந்துவிட்டது. நைனா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஆப்பையும் சேர்த்துக் குடத்துத் தண்ணீரில் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வேங்கைச் சாயம் இறங்கித் தண்ணீர் தேநீர் நிறமானது. மறுநாள் அவரே காடியில் இறக்கி ஆப்பை அடித்தார். அசைத்துப் பார்த்தார். "இறுகிச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

இப்போது நான் சித்தூரில் ஆசிரியை. முதல் வேலையோடு பலகையையும் இந்த அறைக்குக் கொண்டுவந்தேன். செட்டையோடு பஸ் கூரையில் ஏற்ற மனமில்லாமல் ஒரு மாட்டு வண்டி பிடித்தேன். சித்தூர் கோடையில் எந்த மரமும் காய்ந்து தளரும். அதனால் ஈரத்துணி ஒன்றை எப்போதும் அந்த ஆப்பைச் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறேன். அறைக்கார அம்மாள் கழற்றச் சொல்லும்போது, "அது கழலாதும்மா" என்று சொல்லிவிடுகிறேன். இன்று காலை பள்ளிக்குக் கிளம்பும்போது துணி காய்ந்திருந்தது. மறுபடி நனைத்துச் சுற்றிவிட்டுத்தான் கதவைப் பூட்டினேன்.