பரந்தன் அக்காவைத் தேடித் தந்தவள்

சுதர்சினியிடம் நான் முதன்முதலில் போனது கிராம சேவையாளருக்கு ஒரு கடிதம் அடிப்பிக்க. பரந்தன் சந்தியில், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருந்த போட்டோக்கொப்பிக் கடையில் அவள் வேலை செய்தாள். அடித்து முடித்த தாளை என் கையில் தராமல் தொடக்கத்திலிருந்து கடைசிவரை உரத்து வாசித்தாள். "வாசிச்சுப் பாத்தாத்தான் அக்கா எனக்குப் பிழை தெரியும்" என்றாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். ஆட்களுக்கு முன்னால் என்றால் கூச்சம். அதற்குப் பிறகு எத்தனையோ தரம் அந்தக் கடையில் நின்றிருக்கிறேன். வேறொருவருக்கும் அவள் அப்படி வாசித்துக் காட்டியதை நான் காணவில்லை.

அவள் அக்கராயன்காரி. தாயோடு இருந்தாள். முப்பத்தேழு வயதாகியும் கலியாணம் சரிவரவில்லை. இடக்கையில் இரண்டு விரல் இல்லை. மிச்சம் எட்டு விரலாலும் அவள் தட்டுகிற வேகத்துக்குப் பத்து விரல் உள்ளவர்கள் கிட்டவும் வரமுடியாது. கலியாணக் கார்டு, மரண அறிவித்தல், காணிக் கடிதம் எல்லாம் அவள் கையால்தான்.

மத்தியானத்தில் கடைக்கு ஆள் வராது. அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. பதினைந்து இருபது வருடத்துக்கு முன்னால், வெளிநாட்டுக்குப் போன எங்கள் ஆட்கள் கம்பியூட்டரில் கூடிக் கதைத்த இடங்கள் சில இன்னும் கிடக்கின்றனவாம். கருத்துக்களம் என்று சொல்வாள். ஒருவர் ஒன்றை எழுதிவிட்டுப் போக, மற்றவர் வந்து மறுமொழி எழுத, இன்னொருவர் வந்து சண்டை பிடிக்க, அப்படியே பக்கம் பக்கமாகப் போகுமாம். பிறகு முகநூல் வந்ததும் எல்லாரும் அங்கே போய்விட்டார்கள். ஆள் போன வீடு மாதிரி அவை கிடந்தன. சுதர்சினி ஒவ்வொரு வீடாக நுழைந்து பார்ப்பாள்.

நான் சந்திக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறவள். வெறுங்கூடையோடு திரும்பும்போது அவளிடம் எட்டிப் பார்ப்பேன். ஒருநாள் திரையைப் பார்த்தேன். ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாக இருந்தது.

"இதென்ன பிள்ளை, எழுத்தோ எறும்போ?"

"இது பழைய பாமினி எழுத்து அக்கா. அந்த எழுத்தை இப்பத்தைய கம்பியூட்டர் காட்டாது, இப்பிடித்தான் குப்பையாத் தெரியும். நான் பாமினியிலை அடிச்சுப் பழகினனான். என்ரை விரலுக்குத் தெரியும்."

அதனால்தான் மற்றவர்கள் தேடினால் அகப்படாதது அவளுக்கு அகப்பட்டது. தமிழில் பெயரை அடித்துத் தேடினால் ஒன்றும் வராது. அவள் அந்தக் குப்பை எழுத்தாகவே அடித்துத் தேடுவாள். நல்லதம்பி வாத்தியாருக்கு அப்படித்தான் எண்பத்து மூன்றாம் ஆண்டு வகுப்புப் படமொன்று எடுத்துக் கொடுத்தாள். வாத்தியார் அதைப் பெரிதாக்கி, பஸ்ஸுக்கு நிற்கிற ஆட்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தார். எனக்கு வயிறு எரிந்தது. அவருக்குப் பிள்ளைகள் மூன்றும் பக்கத்திலேயே இருக்கின்றன. படமும் அவருக்கு. எனக்கு இருந்தது ஒரே ஒரு தம்பி, யோகநாதன். தொண்ணூற்றெட்டில் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டவன். இரண்டாயிரத்து ஆறில் சண்டையில் பாதை பூட்டியபோது கடைசியாக ஒரு போன். அதற்குப் பிறகு நாங்கள் ஓடிய ஓட்டத்தில் என் விலாசமும் இல்லை, அவன் நம்பரும் இல்லை. அவன் இருக்கிறானா என்பதைவிட, இருந்தும் என்னை மறந்துவிட்டானா என்பதுதான் என்னை அரித்த கேள்வி.

"எனக்கும் தேடித் தா பிள்ளை" என்றேன்.

யோகநாதன் என்ற பெயரில் ஒன்றும் வரவில்லை. "அங்கை ஒருத்தரும் சொந்தப் பேரிலை எழுதமாட்டினம் அக்கா. ஊர்ப்பேரைப் போட்டுப் பாப்பம்" என்றாள். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு இருத்தினாள். 'பரந்தன் அக்கா' என்ற பெயரில் ஒரு பெண் ஐந்து வருடமாக நிறைய எழுதியிருந்தாள். சுதர்சினி வாசித்தாள். கட்டு வெடித்த கிணறு, கிணற்றடியில் சரிந்து நின்ற முருங்கை, கயிறறுத்துக்கொண்டு ஓடுகிற செவலைப் பசு.

"நிப்பாட்டு" என்றேன். "அது எங்கடை கிணறு. எங்கடை செவலை."

"அப்ப இவா ஆர்?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. யோகன் கலியாணம் கட்டிவிட்டான். எனக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கதையெல்லாம் அவளுக்குச் சொல்லியிருக்கிறான். அவள் அதைத் தன் வீடு மாதிரி ஊருக்குச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாள். தம்பியையும் எடுத்து, கிணற்றையும் எடுத்து, அக்கா என்ற பெயரையும் எடுத்துவிட்டாள்.

அதைவிடக் கொடுமை, அங்கே எல்லாருக்கும் அவளைப் பிடித்திருந்தது. லண்டனில் இருந்து ஒருவன் "அக்கா, காய்ச்சல், என்ன குடிக்க?" என்று கேட்டால் கொத்தமல்லி அவிக்கச் சொல்வாள். இரண்டு பேர் சண்டை பிடித்தால் இடையில் போய், "ரெண்டு பேரும் சாப்பிட்டிட்டு வந்து சண்டை பிடியுங்கோ" என்பாள். சுதர்சினிக்கும் அவள்மேல் ஆசை வந்துவிட்டது.

"என்ன வடிவா எழுதுறா, பாருங்கோவன்."

"வடிவாம்" என்றேன். "ஊரார் வீட்டுச் சாமானை எடுத்துச் சோடிச்சா வடிவாத்தான் இருக்கும்."

"உங்களுக்கு எரிச்சல் அக்கா."

"எனக்கேன் எரிச்சல்?"

"கூடையைத் தலைகீழாப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்" என்று சிரித்தாள்.

இரண்டு கிழமை நான் அந்தப் பக்கம் போகவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் விளக்குக் கொளுத்தி அம்மாளாச்சிக்கு முன்னால் நின்றேன். திருநீறைப் பூசிக்கொண்டே, அந்தப் பரந்தன் அக்கா வைக்கிற கறியெல்லாம் உப்புக் கரிக்கவேண்டும் என்று நினைத்தேன். பிறகு நான் நினைத்ததை நினைத்தே வெட்கமாக இருந்தது. கும்பிட்டு முடிக்காமலே வந்துவிட்டேன்.

பிறகு சுதர்சினி ஆள் அனுப்பினாள். பரந்தன் அக்கா பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சுகிற விதம் எழுதியிருக்கிறாளாம், வந்து கேட்கட்டாம். நான் போனது பிழை பிடிக்க. இருந்து கையைக் கட்டிக்கொண்டு, "வாசி பாப்பம், அவவுக்குத் தெரிஞ்ச கூழை" என்றேன்.

மீன், நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை. பிழை ஒன்றுமில்லை. எனக்கு இன்னும் கோபம் வந்தது. சுதர்சினி தொடர்ந்து வாசித்தாள்: "புளி கரைச்சு விட்டாப் பிறகு, ஏழு புளியங்கொட்டையை எண்ணிக் கூழுக்குள்ளை போட வேணும். அப்பத்தான் அம்மாளாச்சி குடிக்க வருவா. சின்னனிலை எங்கடை வீட்டிலை அது என்ரை வேலை."

"ஆர் அக்கா கூழுக்குள்ளை கொட்டை போடுறது?" என்று சிரிக்கத் தொடங்கியவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள்.

உலகத்தில் ஒருவரும் போடமாட்டார்கள். புளியைப் பிழிந்து கொட்டையை எறிவதுதான் வழக்கம். அது நான் சொன்ன பொய். அம்மா வயலுக்குப் போனால் யோகனைப் பார்ப்பது நான். எனக்குப் பதின்மூன்று வயது, அவனுக்கு ஐந்து. அடுப்படியில் ஓரிடத்தில் இருக்கமாட்டான், கொள்ளியை இழுப்பான். அவனை இருத்தி வைக்கத்தான் ஏழு கொட்டை எண்ணித் தா, அம்மாளாச்சி வருவா என்று சொன்னேன். ஆறு வரை எண்ணிவிட்டு மறந்து, திரும்ப ஒன்றில் இருந்து தொடங்குவான். அவன் போட்ட பிறகு, அவன் பாராத நேரம் அகப்பையால் எடுத்து எறிந்துவிடுவேன். அதை அவன் வளர்ந்த பிறகும் உண்மை என்று நம்பியிருக்கிறான். "அது என்ரை வேலை" என்று எழுத உலகத்தில் ஒரு ஆளுக்குத்தான் உரிமை இருக்கிறது.

"இது பொம்பிளை இல்லைப் பிள்ளை" என்றேன். "இது யோகன்."

சுதர்சினி அந்தப் பக்கத்தைத் திரும்ப மேலிருந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நான் மடைச்சி, எனக்கு முதலே விளங்கியிருக்க வேணும். பொம்பிளைப் பேரிலை எழுதின ஆம்பிளையள் அங்கை கனபேர். ஆம்பிளைப் பேரெண்டா எல்லாரும் சண்டைக்கு வருவினம். அக்கா எண்டா, அக்கா அக்கா எண்டு பின்னாலை வருவினம். தனிய இருந்த மனிசன், உங்களை மாதிரிக் கதைச்சுப் பாத்திருக்கிறார்."

என்னைப் பார்த்துத்தான் நான் எரிந்துகொண்டு இருந்திருக்கிறேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஆனால் எரிச்சல் முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் அம்மாளாச்சி பொறுக்கமாட்டா. அந்தப் பரந்தன் அக்கா என்னைவிட நல்லவள். ஐந்து வருடத்தில் ஒருவரையும் அவள் ஏசியதில்லை. நான் அவனுக்கு அகப்பைக் காம்பால் எத்தனை அடி போட்டிருப்பேன். அதில் ஒன்றைக்கூட அவன் எழுதவில்லை.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டோடு அவன் எழுத்து நின்றுவிட்டது. சுதர்சினி அந்தக் கூழுக்குக் கீழே என் பெயரில் ஒன்று எழுதினாள். நான் சொல்லச் சொல்ல அடித்தாள்: "நான் நாகேஸ்வரி. பரந்தனில்தான் இருக்கிறேன். உயிரோடு இருக்கிறேன். கொட்டையை நான் பிறகு எடுத்து எறிந்துவிடுவேன், தெரியுமோ?" என் போன் நம்பரையும் போட்டாள். அடித்து முடித்து, வழக்கம் போல உரத்து வாசித்தாள்.

ஒரு மாதத்தில் கனடாவில் இருந்து ஒருவர் மட்டும் கீழே எழுதியிருந்தார்: "பரந்தன் அக்கா, இவ்வளவு காலம் எங்கே போனீர்கள்? எல்லாரும் தேடினோம்." என்னையே அந்த அக்கா என்று நினைத்து, அவரும் எங்களை மாதிரித்தான் ஏமாந்திருந்தார். யோகனைப் பற்றி அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அதற்குள் சுதர்சினிக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை வவுனியா நெளுக்குளம். தாயையும் கூட்டிக்கொண்டு போனாள். இப்போது ஒஸ்ரேலியாவில் இருப்பதாகக் கேள்வி. அவள் போன பிறகு அந்தக் கருத்துக்களத்தைத் திறந்து பார்க்க எனக்கு ஒருவரும் இல்லை. அங்கே யார் என்ன எழுதினாலும் எனக்குத் தெரியாது. என்னிடம் போன் மட்டும் இருக்கிறது. தெரியாத நம்பரில் இருந்து எத்தனையோ பேர் எடுக்கிறார்கள், பரிசு விழுந்திருக்கிறது என்கிறார்கள், சிங்களத்தில் யாரையோ கேட்கிறார்கள். ஒவ்வொரு தரமும் அவள் சொல்லித் தந்தபடிதான் செய்கிறேன்.

அவளை வழியனுப்ப வவுனியா பஸ்ஸடிக்கு இடியப்பப் பொதியோடு போயிருந்தேன். பொதியை வாங்கி மடியில் வைத்து, யன்னலால் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, தெரியாத நம்பரிலை போன் வந்தா ஹலோ சொல்லாதேங்கோ. ஆரெண்டும் கேளாதேங்கோ. 'ஏழும் எண்ணிப் போட்டிட்டியோ?' எண்டு கேளுங்கோ. மற்ற ஆக்கள் வைச்சிடுவினம். அவர் வைக்கமாட்டார்."