மண்டியில் இருந்தவரின் துண்டு

துண்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைப்பது என் பொழுதுபோக்கு. இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகத்தில் வரும் சிரிப்பு எனக்குப் பழகிப்போனது. "யார் சொல்லிக் கொடுத்தது, அம்மாவா?" என்று கேட்பார்கள். அம்மாவா! எங்கள் அம்மாவுக்கு இதைவிட ஆகாத காரியம் உலகத்தில் வேறு கிடையாது.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அம்மா சித்தாள் வேலை பார்த்தவள். அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். ஆறாம் வகுப்பில் என் காக்கி டவுசர் பின்பக்கம் கிழிந்தபோது, கையில் கிடைத்த நீலத் துணியில் அம்மா ஒட்டுப் போட்டுக் கொடுத்தாள். வகுப்பில் ஒருத்தன் எல்லோர் காதிலும் விழும்படிக் கேட்டான்: "என்னடா, பின்னாடி ஸ்டாம்பு ஒட்டியிருக்கு? எந்த ஊருக்குப் போற?" வருஷம் முழுக்க எனக்கு ஸ்டாம்பு என்றே பெயர். வீட்டில் வந்து அழுதேன். அடுத்த வாரம் புது டவுசர் வந்தது. "இனிமே இந்த வீட்டுல ஒட்டுத்துணி கிடையாது" என்று அம்மா அன்றைக்குச் சொன்னாள். பாலக்கரையில் நாங்கள் இருந்த வாடகை வீடுகள் மாறின. அந்தச் சொல் மட்டும் மாறவில்லை.

அப்படிப்பட்டவளின் மகன், டிப்ளமா படித்து வேலைக்கும் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தால் அவளுக்கு எப்படி இருக்கும்?

"நல்ல துணிய வெட்டித் துண்டாக்குறான். அப்புறம் துண்டை எல்லாம் சேர்த்து ஒட்டுப் போடுறான். இதுக்குத்தான் படிச்சியா?"

இதற்கும்தான் படித்தேன் என்று சொல்ல எனக்கு ஆசை. துவாக்குடிப் பக்கம் ஒரு கம்பெனியில் வெல்டிங் இணைப்புகளைச் சோதிப்பது என் வேலை. மற்றவர்கள் சேர்த்து வைத்ததில் எங்கே ஓட்டை, எங்கே விரிசல் என்று நாள் முழுக்கக் குறை கண்டுபிடித்துக் கொண்டிருப்பேன். என் கையால் ஒன்றையாவது சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கைப்பேசியில் யாரோ ஒரு அம்மாள் சதுரம் சதுரமாகத் துணி சேர்ப்பதைப் பார்த்தேன். அவ்வளவுதான் ஆரம்பம்.

என்.எஸ்.பி. ரோட்டுப் பக்கம் ஒரு கட்பீஸ் கடையில் வெட்டுத் துணி கேட்டுப் போனேன். கடைக்காரர், "கால்மிதி தைக்கவா தம்பி?" என்றார். "போர்வை" என்றேன். அவர் சிரிப்பதற்குள் பக்கத்திலிருந்து ஒரு கை வந்து நான் பிடித்திருந்த மூட்டையைப் பிடித்தது. "அது நான் சொல்லி வச்ச மூட்டைங்க. நானும் போர்வைதான்." நாற்பது வயது இருக்கும். புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கழுத்தில் சின்ன சிலுவை. கடை வாசலிலேயே மூட்டையைப் பிரித்துப் பங்கு போட்டோம். பூப்போட்டதெல்லாம் அவருக்கு, கட்டம் போட்டதெல்லாம் எனக்கு. "ஞாயித்துக்கிழமை ஸ்ரீரங்கத்துக்கு வாங்க. நாங்க ரெண்டு பேர் இருக்கோம். மூணாவது ஆள் கிடைச்சா சங்கம்னு சொல்லிக்கலாம்" என்றார் நர்ஸ் அக்கா.

இரண்டாவது ஆள் ஸ்ரீரங்கத்து மாமி. சங்கம் கூடிய இடம் மாமி வீட்டுக் கார் ஷெட். ஏன் ஷெட் என்று முதல் நாளே மாமி ஒளிக்காமல் சொன்னார்: "அடுத்தவா கட்டின துணி ஆத்துக்குள்ள வரப்படாதுன்னுட்டார் எங்காத்துக்காரர். ஆத்துக்குள்ளன்னுதானே சொன்னார்? ஷெட்டு வெளியிலன்னா இருக்கு!"

துணியைச் சொன்னாரா, கட்டியவர்களைச் சொன்னாரா என்று எனக்கு உள்ளே சுருக்கென்றது. எழுந்து போய்விடலாமா என்றும் நினைத்தேன். மாமி அதற்குள் கார் நின்ற இடத்தில் பாயை விரித்து, எனக்குக் கொடுத்த மாதிரி டம்ளரிலேயே தனக்கும் காபி ஊற்றிக்கொண்டு, என் மூட்டையிலிருந்து, அக்கம்பக்கத்தில் நான் கேட்டு வாங்கியிருந்த, யாரோ கட்டிப் பழசான லுங்கித் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் அந்த வீட்டுக் கார் தெருவில் வெயிலில் நின்றது. நாங்கள் நிழலில் உட்கார்ந்தோம். உள்ளே இருந்தவர் ஜன்னலைச் சாத்திக்கொள்வார். சாத்தட்டுமே.

எங்களில் யாருக்கும் யாரும் குரு கிடையாது. மூன்று பேருமே வீடியோ பார்த்துத் தப்புத் தப்பாகப் பழகியவர்கள். ஊசி, நூல், கத்தரி, இஞ்ச் டேப். என் பங்குக்கு நான் கொண்டுபோனது பத்தாம் வகுப்பு ஜாமெட்ரி பாக்ஸ். முக்கோணம் வெட்ட மூலைமட்டத்தைப் போல ஒரு சாமான் கிடையாது. அந்த டப்பாவை வாங்கிக் கொடுத்தது அம்மா என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

என் முதல் போர்வை கந்தல். கம்பெனியில் தகட்டை வரைபடத்தில் இருக்கிற அளவுக்கே வெட்டுவோம். நுனியோடு நுனி வைத்து வெல்டு அடித்தால் முடிந்தது. துணியையும் அப்படியே மில்லிமீட்டர் சுத்தமாக வெட்டினேன். தையலுக்குள் மடங்குவதற்குக் கால் இஞ்ச் கூட விட வேண்டும் என்று தோன்றவே இல்லை. தைத்து முடித்தபோது வரிசைக்கு வரிசை துணி காணாமல் போயிருந்தது.

"எஞ்சினியர் தைச்ச போர்வை. எலிக்குப் போத்தலாம்" என்றார் நர்ஸ் அக்கா.

"எலிக்கும் கால் வெளியில நீட்டிண்டிருக்கும்" என்றார் மாமி.

நான் தைக்கப் பழகிக்கொண்டிருந்த அந்த மாதங்களில்தான் என் தங்கை தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தாள். ஆண் குழந்தை. மூன்றாம் மாதம் தாயையும் பிள்ளையையும் சீரோடு லால்குடியில் அவள் மாமியார் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். அங்கே தொட்டில் கட்டி, தாய்மாமன் கையால் பிள்ளையைத் தொட்டிலில் இடுவது அவர்கள் வழக்கம். மாமன் நான் ஒருத்தன்தான். தொட்டிலில் விரிக்க என் கையால் ஒரு போர்வை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். இந்த முறை கால் இஞ்ச் விட்டு வெட்டினேன். மேலே கட்டம் கட்டமாகத் துண்டுகள், நடுவில் பழைய வேட்டி இரண்டு மடிப்பு, கீழே வெள்ளைப் பருத்தி. எல்லாவற்றையும் சேர்த்து நெருக்கமாக நூல் ஓட்ட வேண்டும். நடுக் கட்டத்துக்கு மட்டும் ஒரு துணி குறைந்தது. அது எதுவென்று எனக்குத் தெரியும்.

அப்பா மூட்டை தூக்கிய காலத்தில் தலையில் சும்மாடு கட்டிய துண்டுகள் நாலு, தகரப் பெட்டியில் இருந்தன. கழுத்தெலும்பு தேய்ந்து வேலையை விட்ட பிறகும் அவர் அவற்றைத் தூக்கிப் போடவில்லை. கேட்டேன். "அதெதுக்குடா? வேர்வை நாத்தம் போகாது" என்றார். ஆனாலும் தானே பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

துண்டின் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை. பிள்ளைக்கான துணியாயிற்றே என்று மாமி ஷெட்டுக் குழாயில் வைத்துச் சோப்பைத் தேய்த்தார். கறை குபீரென்று சிவந்தது. "ரத்தம்!" என்று கையை உதறினார்.

"ரத்தம் தினம் பாக்குறவ நான் சொல்றேன், ரத்தம் இல்லைங்க மாமி" என்றார் நர்ஸ் அக்கா. "மஞ்சள்ல சோப்பு பட்டா சிவக்கும். நல்லா அலசுங்க." இரண்டு தண்ணீர் அலசியதும் பழையபடி மஞ்சளுக்குத் திரும்பியது. "போகணும்னா வெயில்ல ரெண்டு நாள் போட்டா வெளுத்துடும்."

"வேண்டாம்" என்றேன். "நிழல்லயே காயட்டும்."

அந்தக் கட்டத்தைத் தைத்துப் போர்வையை வீட்டுக்கு எடுத்துப்போன அன்றைக்கு அம்மா விரித்துப் பார்த்தாள். நடுக் கட்டத்தில் அவள் கை நின்றது.

"இது உங்கப்பா துண்டு."

"ஆமாம்."

"சம்பந்தி வீட்டுக்கா?"

கோபத்தின் காரணம் ஒட்டுத்துணி மட்டும் இல்லை. தங்கையைப் பெண் பார்க்க வந்தபோது அப்பாவுக்கு என்ன தொழில் என்று கேட்டார்கள். அம்மா, "மண்டியில இருந்தாருங்க" என்றாள். பொய் இல்லை. மூட்டை இறங்கியது மண்டியில்தான். அவர்கள் மொத்த வியாபாரம் செய்தவர் என்று எடுத்துக்கொண்டார்கள். அம்மா திருத்தவில்லை. நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், நானும் திருத்தவில்லை. மூன்று வருஷமாக லால்குடிக்குப் போகும்போதெல்லாம் அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை மாட்டி, "ரொம்பப் பேச வேண்டாங்க" என்று சொல்லித்தான் கூட்டிப் போவாள்.

"அவ அந்த வீட்டுல வாழணும். உனக்கு வெளையாட்டா இருக்கா? கடையில நல்ல கம்பளி வாங்கி வச்சிருக்கேன், அதப் போடு. இது வேணாம்."

"போர்வை வந்தா நான் வருவேம்மா. வராட்டி மாமன் இல்லாமத் தொட்டில் போட்டுக்குங்க."

அம்மா அழுதாள். நான் எழுந்து போய்ச் சமாதானம் செய்யவில்லை. அது சரிதானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் இறங்கி வந்திருந்தால் அப்பா இன்னும் எத்தனை வருஷம் அந்தச் சட்டைக்குள் வாய் மூடி உட்கார்ந்திருப்பார்?

லால்குடியில் கூடம் நிறைய ஆட்கள். சீர்த்தட்டுகளை வரிசையாக வைத்தோம். கம்பளி ஒரு தட்டில், பளபளவென்ற உறைக்குள். என் போர்வையை நான் கையிலேயே வைத்திருந்தேன். தொட்டிலில் விரிக்கப் போனபோது தங்கையின் மாமியார் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார்.

"என்ன தம்பி, ஒட்டுத்துணி?"

"நானே தைச்சேங்க அத்தை."

"நீங்களா?" பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். "பொண்ணு பார்க்கிற வேலை மிச்சம் போ, இவரே எல்லாம் பண்ணிக்குவாரு" என்றது ஒரு குரல். அத்தை சிரிக்கவில்லை. நடுக் கட்டத்தைத் தடவினார். "இதென்ன, கறையோட இருக்கு?"

அம்மா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள்.

"எங்கப்பா சும்மாட்டுத் துண்டுங்க."

அத்தை அம்மாவின் பக்கம் திரும்பினார். "மண்டியில இருந்தாருன்னுதானே சொன்னீங்க?"

அம்மா வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "மண்டியிலதாங்க இருந்தாரு. மூட்டைக்கு அடியில இருந்தாரு."

அந்த மூட்டைகள்தான் என் பள்ளிக்கூடம், தங்கையின் பள்ளிக்கூடம். அந்த வீட்டுக்கு எங்கள் பெண் வந்ததே அந்தத் துண்டின் மேல் ஏறித்தான். இதையெல்லாம் அங்கே சொல்ல வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அப்போது அப்பா எழுந்து வந்தார். வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு குனிந்து கறையைப் பார்த்தார். "இது ஈரோட்டு மஞ்சள். மழையில நனைஞ்ச லோடு. அன்னிக்கு எறக்குன ஆளுங்க எல்லாருக்கும் தலையே மஞ்சளாத்தான் இருந்துச்சு" என்றார். பிறகு சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "கல்யாண மாப்பிள்ளைக்கு நலுங்கு வச்ச மாதிரி."

சிரித்தது தங்கை வீட்டுக்காரர், என் மச்சான் ஒருவர்தான். அத்தை ஓரத்தை விட்டுவிட்டுத் தட்டிலிருந்த கம்பளியை எடுத்தார். அது தொட்டிலுக்குப் போவதற்குள் தங்கை என் கையிலிருந்து போர்வையை வாங்கித் தொட்டிலில் விரித்துவிட்டாள். மஞ்சள் கட்டம் மேலே தெரியும்படி விரித்தாள். "அண்ணே, புள்ளையப் போடு."

போட்டேன். கொஞ்ச நேரத்தில் மருமகன் அதை நன்றாக நனைத்துவிட்டான்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாள். வீட்டுக்கு வந்தும் என்னிடம் பேசவில்லை. சோறு போடுவாள், பேச்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் நடந்ததைச் சொன்னேன். நர்ஸ் அக்கா, "மூட்டைக்கு அடியிலன்னா சொன்னீங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். மாமி, "அம்மா பேசுவா. பேசாட்டாலும் நீங்க வாங்கோ" என்றார்.

பத்து நாள் கழித்துத் தங்கை போன் செய்தாள். கூடத்தில் அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார், அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணே, அத்தை போர்வைய சோப்பு போட்டுத் துவைச்சாங்க. சிவந்து போயி ஒரே சத்தம். அப்புறம் அலசுனதும் சரியாயிருச்சு. இப்ப மொட்டை மாடியில காயுது."

"நிழல்லயா?"

"வெயில்லண்ணே. நல்ல வெயில். நேத்தும் அங்கதான் போட்டாங்க."

அத்தை தெரியாமல் போட்டாரா, கறை போகட்டும் என்று தெரிந்தே போட்டாரா, எனக்கும் தங்கைக்கும் கேட்கத் தோன்றவில்லை.

"வெளுத்தா வெளுக்கட்டும். இன்னொண்ணு தைப்பேன்னு சொல்லு. அப்பாகிட்ட இன்னும் மூணு துண்டு இருக்கு."

அம்மா கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பத்து நாளில் முதல் தடவையாகப் பேசினாள்.

"ரெண்டுதான் இருக்கு. ஒண்ணு நான் எடுத்து வச்சிருக்கேன். அதுல கைய வைக்காத."