மூக்கு திறந்த நாள்

நான்கு வருடமாக என் மூக்கு அடைத்தே கிடந்தது. இரண்டு மாதத்துக்கொரு முறை கன்னத்து எலும்புக்குள் சீழ் கட்டும். குனிந்தால் நெற்றி தெறிக்கும். பனியன் கம்பெனியில் எனக்கு ஓவர்லாக் தையல் வேலை; மெஷினில் உட்கார்ந்தால் நாள் முழுக்கக் குனிந்த தலைதான். ஆன்டிபயாடிக் விழுங்கினால் பத்து நாள் அடங்கும், பஞ்சுத் தூசி பட்டதும் திரும்பி வரும். "மூக்கு இருக்கற வரைக்கும் சளி இருக்கத்தான் செய்யும்" என்று என் வீட்டுக்காரர் தத்துவம் பேசுவார். வலி அவருக்கா வந்தது? வாசம் என்பதே எனக்கு மறந்து போயிற்று. சோறு அடிப்பிடித்தால்கூடப் புகையைப் பார்த்துத்தான் அடுப்பை அணைப்பேன்.

போன வருடம் மூக்கு டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு ஒரு மாதம் கெடு வைத்தார். சளியை இளக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தண்ணீரில் போட்டால் சோடா மாதிரி பொங்கிக் கரையும். கூடவே காலையும் மாலையும் உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவ வேண்டும். அடைப்பு இளகி வந்தால் நல்லது, வராவிட்டால் ஆபரேஷன். கத்தி என்றாலே எனக்கு ஆகாது. பயத்தில் ஒரு வேளை தவறவில்லை. இரண்டு வாரமாகியும் அடைப்பு ஒரு பொட்டும் அசையவில்லை.

கோபத்தோடு போய் நின்றேன். "மாத்திரை வேலையே செய்யலீங்க."

டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார். "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கறீங்க?"

"காலைல ஒரு டம்ளருங்க. அப்புறம் ஊட்டுக்குப் போயி ஒரு சொம்புங்க."

"கம்பெனில?"

"குடிக்கறதில்லீங்க."

குடித்தால் கக்கூஸுக்கு எழ வேண்டும். எழுந்தால் மெஷின் நிற்கும், தைக்க வேண்டிய பீஸ் குவியும், சூப்பர்வைசர் வாட்ச்சைப் பார்ப்பார். அதனால் எங்கள் லைனில் பெண்கள் யாரும் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. பதினெட்டு வருடமாக அதை ஒரு சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தேன்.

"காஞ்ச கஞ்சிச் சட்டிய ஊற வெக்காமத் தேய்ச்சாப் போகுமா?" என்றார். "தண்ணியே இல்லாம மாத்திரை மட்டும் என்ன பண்ணும்?"

மறுநாள் இரண்டு பெரிய பாட்டிலோடு போனேன். மூன்றாவது முறை எழுந்தபோது சூப்பர்வைசர் குறுக்கே வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர்.

"ஏனுங்கக்கா, இது மூணாவது தடவைங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஆமாங்க தம்பி. நாளைக்கு நாலு தடவை போவனுங்க. டாக்டர் சீட்டு பையில இருக்குதுங்க. இல்லாட்டி எனக்குப் பதிலா நீங்க போயி ஆபரேஷனுக்குப் படுத்துக்கறீங்களா?"

லைன் முழுக்கச் சிரித்தது. அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நகர்ந்தார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் இரண்டாவது பாட்டிலைத் திறந்தேன். அதன் பிறகு ஒரு நாளும் குடிப்பதை விடவில்லை.

பாட்டில் கொண்டுபோக ஆரம்பித்து ஒன்பதாம் நாள். கக்கூஸில் குழாயடியில் குனிந்தபோது கன்னத்துக்குள் ஏதோ கழன்றது. சிந்தினேன். கெட்டியாய், மஞ்சளாய், வந்துகொண்டே இருந்தது. பிறகு இரண்டு மூக்கிலும் காற்று நுழைந்தது. காற்றோடு நாற்றமும் நுழைந்தது. அடேயப்பா, என்ன நாற்றம்! நான்கு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் வாசம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எவளாவது கக்கூஸில் நின்று மூச்சை இழுத்து இழுத்து விடுவாளா? நான் விட்டேன், மூன்று முறை.

சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு சூப்பர்வைசர் நின்றிருந்தார்.

"தம்பி, கக்கூஸ் நாறுதுங்க."

"அது எப்பவும் நாறறதுதானுங்கக்கா."

"எனக்கு இன்னைக்குத்தானுங்க நாறுது. கழுவச் சொல்லுங்க."

மாதக் கடைசியில் டாக்டரம்மா மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, ஆபரேஷன் வேண்டாம் என்றார். அதற்குள் எங்கள் லைனில் ஏழு மெஷினுக்கடியில் தண்ணீர் பாட்டில் வந்திருந்தது. மறுநாள் மூன்றாவது முறை எழுந்து போனேன். கக்கூஸ் கதவைத் திறக்கும் முன்பே பினாயில் வாசம் அடித்தது.